சாமுவேல் அண்ணனின் கிழக்கு

"டீச்சர், ஒங்க ஆளுங்களுக்குக் கால் எந்தப் பக்கம் வரணும்?"

மூடுபனிக்குள்ளிருந்து, குழி வெட்ட வந்த சுப்பையா அண்ணன் கேட்டார். பத்தடி தூரத்தில்தான் நின்றார். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தலையில் போட்டிருந்த உரச்சாக்கும், கையிலிருந்த அலவாங்குக் கடப்பாரையின் நுனியும்தான். மற்றபடி மலை இல்லை, தேயிலை இல்லை, வானம் இல்லை. எல்லாவற்றையும் யாரோ ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டது போல் இருந்தது.

"கால் கிழக்குப் பக்கம் வரணும்ணே. தலை மேற்க. எந்திரிச்சா கிழக்கப் பார்த்து எந்திரிக்கணும்."

"எந்தப் பக்கம்னு கையக் காட்டுங்க."

நான் சுற்றிலும் பார்த்தேன். கீழே, பனிக்கு மேல் மிதக்கிற மாதிரி, எங்கள் ஜெபக்கூடத்தின் தகரக் கூரையும் அதன் முகட்டிலிருந்த சிலுவையும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. சிலுவை இருக்கும் முனைக்குக் கீழேதான் பீடம். நான் கையை நீட்டினேன்.

"அதோ, சிலுவை தெரியுதே, அந்தப் பக்கம்."

"அதுவா?"

"அதேதான்."

சுப்பையா அண்ணன் தலைச்சாக்கை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தலைமாட்டுக்கு அடையாளமாக ஒரு கல்லைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தார். அலவாங்கு ஈர மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது.

என் கையைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடமாகக் கரும்பலகையைக் காட்டிக் காட்டிப் பழகிய கை. தயக்கம் என்பதே அதற்குத் தெரியாது. அது செய்த காரியத்தைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வாசகி ஒருவரின் கேள்வி

அதற்கு முன் ஒன்று. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் முதன்முதலாக பஸ் ஏறிப் போன கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, தெமோதரை வாசகி ஒருவர், அத்தனை தடவை வாந்தி எடுத்தவர் ஏன் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பவில்லை என்று கேட்டிருக்கிறார். அடுத்த பஸ் மறுநாள்தான், தங்கையே.

ஹாலிஎலயில் பிறந்தவளுக்கு அந்த மலை வேறு உலகம். எனக்குக் கொடுத்த வீடு ஒரு பள்ளத்தில் இருந்தது. மூன்று பக்கமும் மலை. சூரியன் எந்த இடத்தில் உதிக்கிறதென்று அங்கிருந்து தெரியாது. ஒன்பது மணிக்கு மேல், எங்கோ உதித்து முடித்துவிட்டு, சாவகாசமாகத் தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும். நான் போய்ச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இதையெல்லாம் ஒரு சாக்காகத்தான் சொல்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

நான் அப்படிக் கையை நீட்டியதற்கு உண்மையான காரணம் வேறு. நான் அப்போது தபால் வழியாகத் திருச்சபை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு பொட்டலம் பாடம் வரும். ஆதிக் கிறிஸ்தவர்கள் கிழக்கு நோக்கி நின்று ஜெபித்தார்கள். மின்னல் கிழக்கில் தோன்றி மேற்குவரை பளிச்சிடுவது போல ஆண்டவர் வருவார் என்று நம்பினார்கள். தங்கள் இறந்தவர்களை அந்தப் பக்கம் பார்த்தபடி எழுவதற்குத் தோதாகக் கிடத்தினார்கள். பின்னால் கோயில் கட்டியபோது பீடத்தையும் கிழக்கில் வைத்தார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

அதுவரை அந்தத் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் சரிவுக்கு எது வசதியோ அப்படித்தான் புதைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய மயானம் மண்சரிவில் போய்விட, தோட்டத்தை நடத்தும் தொரை மேலே கைவிடப்பட்ட ஒரு தேயிலை மலையில் புது இடம் கொடுத்திருந்தார். அங்கே முதலாவதாகப் புதைக்கப்பட்டவர் சாமுவேல் அண்ணன். பார்த்துச் சரிபிடிக்கப் பக்கத்தில் இன்னொரு கல்லறைகூட இல்லை.

சீக்கிரம் என்ற சொல்

பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்ற வருடம் அது. மண்ணெண்ணெய் இல்லை, கோதுமை மா இல்லை, பாதி நாள் கரண்ட் இல்லை. என் போனில் திசைகாட்டி இருந்தது, சார்ஜ்தான் இல்லை. அதற்கு முன் இரண்டு வருடம் நோய்க்குப் பயந்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்தோம். இனி என்ன மிச்சம் என்று எல்லாருமே வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்த சமயம்.

அப்போதுதான் பதுளையிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்தார். பஸ் பாதியில் நின்றுவிட்டதால் கடைசி ஆறு கட்டை தூரம் நடந்தே வந்திருந்தார். ஒல்லியான, நல்ல மனுஷன். அவர் தேதி எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஆண்டவர் சீக்கிரம் வருகிறார் என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டால், அடுத்த சனிக்கிழமையைத் தாண்டாது போலிருந்தது.

மறுநாளே எங்கள் சபையின் ஞானமுத்து தன் ஏழு கோழிகளையும் பக்கத்து லயத்துக் குடியிருப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். போஞ்சிப் பாத்தியில் களை பிடுங்குவதைப் பலர் விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கே போகவில்லை. ஒரு மாதம் கழித்து ஞானமுத்து பக்கத்து லயத்து வாசலில் நின்று, "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன், முட்டை ஏதும் போடுதா?" என்று கேட்டதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. இதே கதை என் பாடப் பொட்டலத்தில் இருந்தது. தெசலோனிக்கே என்று ஒரு துறைமுகப் பட்டணம். ஆண்டவர் போய் இருபது வருடம்தான் ஆகியிருக்கும். இன்று வருவார், நாளை வருவார் என்று அங்கே சிலர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அவரவர் கையால் உழைத்துச் சாப்பிடுங்கள் என்று அப்போஸ்தலர் அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஞானமுத்துகள். அந்தப் பட்டணத்திலும் காலையில் கடல் பனி இறங்கும் என்று நானாகவே கற்பனை செய்துகொள்வேன். பனிக்குள் கிழக்கைப் பார்த்தபடி ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். அப்பத்தைப் பிட்டு முடித்ததும், ஒருவர் மாரநாதா என்பார். எங்கள் ஆண்டவரே வாரும் என்று அர்த்தம். வார்த்தை பனியில் கரைந்துபோகும்.

முகத்தில் கேட்பவர்

சாமுவேல் அண்ணன் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடும் அந்த வேலைக்கு அவரைப் போலக் கை வேகம் யாருக்கும் இல்லை என்பார்கள். சின்ன வயதுக் காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பிறகு அவருக்குக் காது மனைவி எஸ்தர் அக்காதான்.

இருவரையும் ஜெபக்கூடத்தில் பார்க்க வேண்டும். ஆண்கள் பக்கம் ஓரமாக, பீடத்துக்கு முகம் காட்டாமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பார். பெண்கள் பக்கம் இருக்கும் மனைவியின் முகத்தைத்தான் பார்ப்பார். அக்கா கண்ணை மூடினால் இவரும் மூடுவார். அக்கா எழுந்தால் எழுவார். அக்கா சிரித்தால் அரை நொடி பிந்திச் சிரிப்பார். நரகத்தைப் பற்றி ஊழியக்காரர் முழங்கிக்கொண்டிருந்த நேரம், அக்கா முன்வரிசைக் குழந்தை ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட, சாமுவேல் அண்ணனும் நரகத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"கங்காணி வர்றாரா, பாம்பு வருதா, மழை வருதா, எல்லாம் என் மொகத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாரு டீச்சர்," என்று அக்கா ஒருமுறை சொன்னார். "அவருக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு நான் வாயத் தொறந்து சொன்னதே இல்ல."

ஒரு நாள் விடியற்காலையில் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. பதுளைக்குக் கொண்டுபோக வண்டி இருந்தது, டீசல் இல்லை. தேடிக்கொண்டுவருவதற்குள் போய்விட்டார். அக்கா ஒப்பாரி வைக்கவில்லை. பெட்டி மூடும்போது ஒன்றுதான் கேட்டார்.

"டீச்சர், அன்னிக்கு நீங்க சொன்னீங்களே, கிழக்கப் பாத்து வைக்கணும்னு. அப்படியே வச்சுருங்க. அவரு பாத்தாத்தான் தெரியும்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, குழி வெட்டப் போயிருந்த சுப்பையா அண்ணனைத் தேடி மேலே ஏறினேன். அவர் இந்து. ஆனால் தோட்டத்தில் யார் செத்தாலும் குழி அவர்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் வந்து சேர்வதற்குள், மேலே சொன்ன பேச்சு எங்கள் இருவருக்கும் நடந்து முடிந்துவிட்டது. கேட்டதற்குப் பனி மட்டுமே சாட்சி. வந்தவர்கள் தலைமாட்டுக் கல்லைப் பார்த்தார்கள், அதன்படி இறக்கினார்கள், பாடினார்கள், இறங்கிப் போனார்கள்.

வெயில் வந்த நாள்

ஏறக்குறைய இரண்டு வாரம் பனி விலகவே இல்லை. பிறகு ஒரு காலையில், முதல் மணி அடித்து நான் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது, எஸ்தர் அக்கா வாசலில் வந்து நின்றார். கொழுந்துக் கூடை முதுகில் இல்லை. கையில் வைத்திருந்த பூவைக் கல்லறையில் வைக்காமலே திரும்பி வந்திருந்தார்.

"டீச்சர், வெயில் அவரு தலைமாட்டுலேருந்து வருது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"அவரு அந்தப் பக்கம் பாத்து எந்திரிப்பாரு, ஆண்டவர் இந்தப் பக்கமா வருவாரு. முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாரே டீச்சர்."

"அக்கா, ஆண்டவர் வரும்போது எக்காளம் ஊதுவாங்க. சத்தம் கேட்டு அண்ணன் திரும்பிடுவார்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"அவருக்கு எங்க கேக்கும்?"

"எந்திரிக்கும்போது காதெல்லாம் சரியாகிடும் அக்கா."

"சரியாகும். நானும் நம்புறேன்." அக்கா பூவைக் கையிலேயே கசக்கிக்கொண்டிருந்தார். "ஆனா அவருக்குக் கேட்டுப் பழக்கமில்லையே. பின்னாடி சத்தம் வந்தா திரும்பிப் பாக்கணும்னு அவருக்குத் தெரியாதே டீச்சர்."

பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலைக்குள் விஷயம் எல்லா லயத்துக்கும் போய்விட்டது. குற்றவாளியும் கிடைத்துவிட்டார். "சுப்பையாவுக்கு நம்ம முறை என்ன தெரியும்? கல்ல அவன்தானே வச்சான்" என்றார் ஒருவர். "வேணும்னேகூட செஞ்சிருப்பான்" என்றார் கோழி ஞானமுத்து. நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எல்லாம் தெரிந்த டீச்சர் என்று பெயர் எடுக்க நாலு மாதம் பட்ட பாடு அப்படி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

விழித்திருப்பவர்

அக்கா தொரையிடம் போய்க் குழியைத் திறக்க வேண்டும் என்று கேட்டார். அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும், இந்தக் காரணத்துக்குத் தரமாட்டார்கள் என்று தொரை மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார். ஊழியக்காரரும் போனில், கர்த்தர் எல்லாத் திசையையும் அறிவார் என்றார். அக்கா தலையாட்டினார். மறுநாள் காலையிலிருந்து பெரட்டுக்குப் போகவில்லை.

பொழுது விடிந்ததும் மேலே ஏறி, சாமுவேல் அண்ணனின் தலைமாட்டுக் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார். மழை வந்தால் ரப்பர் சீட்டைப் போர்த்திக்கொள்வார். வெயில் தலைக்கு மேல் வந்தால்தான் இறங்குவார்.

நான் ஏறிப்போய்க் கேட்டேன். "இங்க உக்காந்து என்னக்கா செய்யப் போறீங்க?"

"அவரு எந்திரிச்சா தோளத் தொட்டுத் திருப்பி விடணும்ல?"

பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லவில்லை. தெசலோனிக்கேயில் வேலையை விட்டவர்களைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கடிதம் எழுதப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டவர் வருவதற்குள் அங்கே சிலர் இறந்துபோனார்கள். உயிரோடிருக்கும் நாம் அவரைப் பார்ப்போம், செத்துப்போன என் புருஷன், என் பிள்ளை பார்க்க முடியாதா என்று மிச்சமிருந்தவர்கள் கலங்கினார்கள். இறந்தவர்கள்தான் முதலில் எழுவார்கள், கவலைப்படாதீர்கள் என்று அப்போஸ்தலர் எழுதினார். பனி இறங்கும் அந்தப் பட்டணத்திலும் ஒரு எஸ்தர் அக்கா இருந்திருக்க வேண்டும். தான் பார்ப்பதில் அவளுக்கு என்ன சந்தோஷம்? அவரும் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தக் கடிதத்தில்கூட எந்தப் பக்கம் பார்த்து எழுவார்கள் என்று எழுதியிருக்கவில்லை.

மூன்றாவது வாரம் அக்காவுக்கு இருமல் கண்டது. கங்காணி வந்து, இப்படியே போனால் செக்ரோல் பதிவேட்டில் பேர் இருக்காது, பேர் போனால் லயத்து வீடும் போகும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அக்கா அவருக்கும் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் தண்ணீர்ப் பீலியில் சுப்பையா அண்ணனைப் பார்த்தேன். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அந்த மரியாதை எனக்குக் கூசியது.

"அண்ணே, எங்க தப்பு நடந்துச்சு? ஜெபக்கூடத்துப் பீடம் கிழக்குலதானே இருக்கு?"

"அதுங்களா?" என்று சிரித்தார். "அது பழைய அரிசி ஸ்டோரு டீச்சர். லாரி வர்றதுக்குத் தோதா ரோட்டப் பாத்துக் கட்டினது. பின்னாடிதான் ஒங்க ஆளுங்களுக்குக் குடுத்தாங்க. வாசல் கிழக்க. பீடம் இருக்கிறது மேற்க."

"அப்ப அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியும்!"

"சூரியன் எங்க எந்திரிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? பனியில கண்ணக் கட்டி விட்டாலும் சொல்வேன். நீங்க அழுத்தமா சொன்னீங்க. சரி, ஒங்க சாமிக்கு வேற கிழக்கு இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஊரே ஒங்களத் திட்டுது. ஏன்ணே சொல்லல?"

வாளியைத் தூக்கிக்கொண்டே சொன்னார். "புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவங்க நீங்க. டீச்சருக்குத் திசை தெரியாதுன்னு நான் எப்படிங்க சொல்றது?"

பீடம் இருந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் எழுந்தேன். பழக்கமான இடம்தான், அறிவைக் கொட்டுகிற இடம். அன்று பாடப் பொட்டலம் எதுவும் கையில் இல்லை.

"சாமுவேல் அண்ணனோட குழிக்குத் திசை காட்டினது நான்தான். சுப்பையா அண்ணன் கேட்டார். எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு, இந்தப் பீடத்தப் பார்த்துக் கையக் காட்டிட்டேன். இது மேற்குன்னு எனக்குத் தெரியாது. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. இத்தன நாள் பேசாம இருந்ததும் நான்தான்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கூரைத் தகரம் வெயிலில் சடசடத்தது. எல்லாரும் பீடத்தைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி வாசலைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டா உட்கார்ந்திருந்தோம் என்று அவர்களுக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஞானமுத்து மட்டும் தொண்டையைச் செருமி, "சுப்பையாகிட்ட நான் ஒரு வார்த்த பேசணும்" என்று முனகினார்.

எஸ்தர் அக்கா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் அவர் மேலே ஏறவும் இல்லை, பெரட்டுக்குப் போகவும் இல்லை. கதவு சாத்தியே இருந்தது. அந்த இரண்டு நாளில் நான் ஹாலிஎலக்குத் திரும்பிப் போவதற்குப் பெட்டியை இரண்டு தடவை அடுக்கிப் பிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை, பனியில்லாத வெளிச்சத்தில், அக்கா என் வாசலில் நின்றார். கையில் ஆளுயரத்துக்கு இரண்டு முள்முருங்கைக் கம்பு. பின்னால் சுப்பையா அண்ணன், தோளில் அலவாங்கோடு.

"வாங்க டீச்சர். வெயில் ஏறுறதுக்குள்ள போவோம்."

மேலே போய் மூவரும் நின்றோம். சூரியன் அப்போதுதான் மலை விளிம்பைத் தாண்டியது. சாமுவேல் அண்ணனின் தலைமாட்டுக் கல்லின் நிழல் அவர் மேலேயே நீளமாக விழுந்து, கால்மாட்டைத் தாண்டிப் போனது. அக்கா அந்த நிழலின் வழியே நடந்தார். அவர் கால்மாட்டிலிருந்து இரண்டடி விட்டு, ஒரு கம்பை ஊன்றினார். இன்னும் ஆறடி மேற்கே தள்ளி, அடுத்ததை ஊன்றினார். சுப்பையா அண்ணன் மண்ணை மிதித்து இறுக்கினார்.

"இது என் எடம்" என்றார் அக்கா. "இந்தக் கம்புல கால். அந்தக் கம்புல தலை. என்னைச் சரியாவே வைங்க, கிழக்கப் பாத்து."

"பக்கத்துல இல்லாம ஏன்க்கா அவர் கால்மாட்டுல?" என்று கேட்டேன்.

"பக்கத்துல வச்சா நான் ஒரு பக்கம் பாப்பேன், அவரு ஒரு பக்கம் பாப்பாரு. இங்கன்னா ரெண்டு பேரும் நேருக்கு நேரா எந்திரிப்போம். அவரு மொதல்ல என்னத்தான் பாப்பாரு." அக்கா கிழக்கைப் பார்த்தார். வெயில் அவர் முகத்தில் முழுதாக விழுந்திருந்தது. "என் மொகத்தப் பாத்தாருன்னா, பின்னாடி யாரு வர்றாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிரும்."

நான் அழுதேன். மறைக்காமல், சத்தமாகவே அழுதேன். சுப்பையா அண்ணன் வேறு பக்கம் திரும்பி அலவாங்கைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனார்.

இரண்டு மரங்கள்

முள்முருங்கையைக் கம்பாக நட்டாலே தழைத்துவிடும். அந்த இரண்டும் தழைத்தன. ஒரு மழைக்காலம் போனதும் இலை விட்டன, அடுத்ததில் சிவப்பாகப் பூத்தன. அக்கா கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் ஏறிப்போய், ஆடு கடிக்காமல் முள் கட்டிவிட்டு வருவார். ஆண்டவர் வருவதைப் பற்றிக் கேட்டால், "வரட்டும். நாங்க தயாராத்தான் இருக்கோம்" என்பார், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

போன மழையில் அந்த இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை விடவில்லை. மூன்று நாள்தான் படுத்திருந்தார்.

மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று காலையிலேயே அடக்கம் வைத்தார்கள். நான் முன்னதாகவே ஏறினேன். அன்றைக்குப் போலவே மூடுபனி. மலை இல்லை, தேயிலை இல்லை, வானம் இல்லை. சாக்குத் தொப்பிக்குள்ளிருந்து சுப்பையா அண்ணன் கேட்டார்.

"டீச்சர், கால் எந்தப் பக்கம்?"

குரலில் குறும்பு இருந்தது. ஆனால் கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாக நான் சொன்னதில்லை.

"அக்காவே நட்டு வச்சிருக்காங்களே" என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டு மரத்துக்கும் நடுவே அலவாங்கை இறக்கினார். ஞானமுத்து மண்வெட்டியோடு வந்து, கேட்காமலே கூட நின்று வெட்டினார்.

பெட்டி இறங்கும்போது நான் சாமுவேல் அண்ணனின் தலைமாட்டுக் கல்லுக்குப் பக்கத்தில், அக்கா அத்தனை காலையும் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த இடத்தில், மேற்கைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எதிரே, அக்காவின் குழிக்கு அந்தப் பக்கம், தோட்டத்துப் பெண்கள் வரிசையாக நின்று பாடினார்கள். பனியில் அவர்கள் வெறும் சாம்பல் உருவங்களாக இருந்தார்கள்.

பாட்டின் நடுவில் அந்த உருவங்களுக்கு நிறம் வந்தது. முதலில் நெற்றி, பிறகு கன்னம், பிறகு ஈரமாயிருந்த கண்கள். ஒவ்வொரு முகமாக ஒளி ஏறியது. ஒருத்தி பாடுவதை நிறுத்திவிட்டு, என் தோளுக்கு மேலே பார்த்தபடி வாய் திறந்து நின்றாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.